வாரக் கூட்டமும் அறப்பணியும்: தமிழகச் சேவைச் சங்கங்களின் வரலாறும் கருணாபுரம் எழுப்பும் வினாவும்

ஆய்வுச் சுருக்கம்

ரோட்டரி, அரிமா முதலிய சேவைச் சங்கங்கள் தமிழகச் சிறுநகரங்களின் பொதுவாழ்வில் நிலைபெற்ற அமைப்புகள். இவற்றின் நற்பணிகள் நாளிதழ்களில் செய்திகளாக இடம்பெறுகின்றன; ஆனால் அப்பணிகளுக்கு அடிப்படையான கூட்ட ஒழுங்கு ஆய்வுக் கவனத்தை மிகுதியாகப் பெறவில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில் உறுப்பினர் கூடுதல் என்னும் நடைமுறையே இச்சங்கங்கள் தமிழ் அறமரபிற்கு அளித்த புதுமை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அந்நடைமுறையின் வலிமை கண் மருத்துவ முகாம்களிலும் போலியோ ஒழிப்பிலும் வெளிப்பட்ட வகையையும், கொடுப்போர் மட்டுமே கூடும் கூட்டத்தின் எல்லையையும் ஆராய்ந்து, 2024ஆம் ஆண்டு நச்சுச் சாராயத் துயரத்தைச் சந்தித்த கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை அவ்வெல்லையின் உரைகல்லாகக் கொள்கிறது.

திறவுச்சொற்கள்: சேவைச் சங்கம், ரோட்டரி, அரிமா, வாரக் கூட்டம், ஒப்புரவு, சுய உதவிக் குழு, கருணாபுரம்

முன்னுரை

திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்துள்ளது. வறியவர் ஒருவருக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு வாழ்பவர் ஊருக்குச் செய்யவேண்டிய கடமையை அறிந்து ஒழுகுவது ஒப்புரவு. இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்திற்கு வந்த சேவைச் சங்கங்களின் பணி இவ்விரண்டில் எதனைச் சாரும் என்னும் வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. தையல் இயந்திரம் வழங்கும் விழாவில் அது ஈகையாகத் தோன்றுகிறது. ஊர் முழுவதற்கும் தகன மேடை அமைத்துப் பராமரிக்கையில் ஒப்புரவாகிறது.

இவ்வேறுபாட்டை வழங்கப்படும் பொருளைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. கொடுப்பவர் மீண்டும் வருவாரா, எப்போது வருவார், யாரோடு கலந்து முடிவெடுத்து வருவார் என்பனவும் அளவுகோல்களாகும். எனவே அறத்தின் கால ஒழுங்கு என்னும் நோக்கில் சேவைச் சங்கங்களின் வரலாறு இங்கு அணுகப்படுகிறது.

1. அறத்தின் தொடர்ச்சி: தமிழ் மரபில் இரு வழிகள்

அறப்பணி இடையறாது நடைபெற வேண்டும் என்ற கவலை தமிழ் மரபிற்குப் புதிதன்று. சோழர்காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தா விளக்கிற்கு ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. பெரும்பாலும் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளக்கவேண்டும். மூத்தவையும் இறந்தவையும் குட்டிகளால் ஈடுசெய்யப்பட்டு எண்ணிக்கை குறையாது நின்றதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. கொடுத்தவர் மறைந்த பின்னரும் விளக்கு எரிவதற்கான ஏற்பாடு இது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு குறிப்பிடும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இத்தகைய கட்டளை மரபில் அமைந்ததே. இங்கே தொடர்ச்சிக்கு உறுதி தருவது முதல். நிலமோ கால்நடையோ பொன்னோ அம்முதலாக அமையலாம்.

இரண்டாம் வழியை வடலூரில் காணலாம். இராமலிங்க அடிகள் 1867 மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையாமல் பேணப்படுகிறது. பசித்தவர் எந்நாளில் வந்தாலும் உணவு உண்டு என்னும் உறுதியே அதன் சிறப்பு. கள்ளக்குறிச்சியும் வடலூரும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. இவ்வட்டாரத்தின் அறநினைவில் அணையா அடுப்பிற்குத் தனியிடம் உண்டு.

கட்டளை மரபில் முதலும், தருமச்சாலையில் நாள்தோறும் பேணப்படும் நோன்பும் அறத்தைத் தொடரச் செய்தன. சேவைச் சங்கங்கள் கொண்டுவந்த மூன்றாம் வழி வேறுவகைப்பட்டது. பெருநிலமோ சமய நோன்போ இன்றி, உறுப்பினர்களின் வருகையையே அது முதலாகக் கொண்டது.

2. சிகாகோவிலிருந்து சென்னைக்கு

1905 பிப்ரவரி 23ஆம் நாள் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் சிகாகோ நகரில் மூன்று நண்பர்களுடன் கூடியதே ரோட்டரி சங்கத்தின் தொடக்கம். உறுப்பினர்களின் பணியிடங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியதால் அப்பெயர் அமைந்தது. தமிழில் ‘சுழற்சங்கம்’ என்னும் வழக்கும் உண்டு. தொடக்கத்தில் இது வணிகரும் தொழில் வல்லுநரும் தம்முள் பழகிப் பயன்பெறும் நட்பு வட்டமாகவே இருந்தது. சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்க மேற்கொண்ட முயற்சியே அதன் முதல் பொதுப்பணியாகக் குறிக்கப்படுகிறது. அதே நகரில் மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று 1917இல் அரிமா சங்க இயக்கத்தைத் தொடங்கினார். 1925ஆம் ஆண்டு மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த அழைப்பை ஏற்று, பார்வையற்றோர் நலனை அவ்வியக்கம் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது.

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919இல் கல்கத்தாவில் தோன்றியது. சென்னைச் சங்கம் 1929ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் 1928 முதல் 1931 வரை மேற்கொண்ட நெடும்பயணத்தின் போக்கில் ஆசிய நகரங்கள் பலவற்றில் சங்கங்கள் உருவாயின. 1929இல் பம்பாய், சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களிலும் 1930இல் கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நகரங்களிலும் அவை அமைந்தன. இவற்றுள் பம்பாய் நீங்கலான நான்கும் வங்கக்கடலைச் சூழ்ந்த தமிழர் போக்குவரத்து வழியில் அமைந்த நகரங்கள். அரிமா இயக்கம் 1956இல் பம்பாய் வழியாக இந்தியாவிற்கு வந்தது.

காலனியச் சென்னையின் சூழலில் இக்கூட்டத்தின் பொருளை உணர, அதற்கு முன்பிருந்த மன்றங்களை நோக்குதல் தகும். 1832இல் தோன்றிய மெட்ராஸ் கிளப் நெடுங்காலம் இந்தியரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1873இல் தொடங்கப்பட்ட காஸ்மாபாலிட்டன் கிளப் இரு தரப்பினரும் பழகும் இடமாக அமைந்தது. ரோட்டரி இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு, ஒருவர் செய்யும் தொழிலை உறுப்புரிமைக்கு அடிப்படையாக்கியது. ஒரே உணவு மேசையில் பல இனத்தவரும் சமயத்தவரும் அமர்ந்தது அக்காலத்தில் சிறிய மாற்றமன்று. ஆயினும் அம்மேசையில் அமர்வதற்குரிய தகுதி தொழிலும் வருவாயும் சார்ந்ததாகவே இருந்தது.

3. வாரக் கூட்டத்தின் அமைப்பு

வாரக் கூட்டம் தோற்றத்தில் எளிமையானது. தலைவர் மணியடித்துத் தொடங்குவார். வாழ்த்துப் பாடல், விருந்தினர் அறிமுகம், பிறந்தநாள் வாழ்த்து, செயலரின் அறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை, நாட்டுப்பண், உணவு என்பன நிகழ்ச்சி நிரலின் வழக்கமான உறுப்புகள். சிறுநகரங்களில் கூட்டம் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ உணவகத்திலோ சங்கக் கட்டடத்திலோ நடைபெறும். அரிமா சங்கங்களில் மாதம் இருமுறை கூடுவது பெருவழக்கு. ரோட்டரியில் வாரந்தோறும் கூடுவதே நீண்டகால விதியாக இருந்தது.

இவ்வமைப்பின் உயிர்நாடி வருகைப் பதிவேடு. தக்க காரணமின்றித் தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராத உறுப்பினர் தம் உறுப்புரிமையை இழக்க நேரிடும் என்பது பழைய நடைமுறை. வெளியூர் சென்றவர் அவ்வூர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு தம் வருகைக் குறையை ஈடுசெய்யலாம். நன்கொடை மிகுதியாக அளித்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் வராமல் இருந்துவிட இயலாது. கொடையைவிட வருகையை முதன்மைப்படுத்திய இவ்விதி, தமிழகத்தின் புரவலர் மரபிற்கு முற்றிலும் புதியது. புரவலர் ஒருவர் மனமுவந்து கொடுத்தபின் விலகிச் செல்லலாம். சங்க உறுப்பினர் அடுத்த வாரமும் வந்து, கொடுத்தது என்னவாயிற்று என்று கேட்கப்படும் இடத்தில் அமர்ந்தாக வேண்டும்.

தொழிலுக்கு ஒருவர் என்னும் வகைப்பாட்டு விதியும் பணியின் போக்கை வகுத்தது. மருத்துவர், அச்சக உரிமையாளர், பள்ளித் தாளாளர், அரிசி ஆலை அதிபர், பேருந்து உரிமையாளர் ஆகியோர் ஒரே கூட்டத்தில் இருப்பின், முகாம் ஒன்றிற்கு வேண்டிய மருத்துவம், துண்டறிக்கை, இடம், உணவு, ஊர்தி அனைத்தும் அக்கூட்டத்திலேயே முடிவாகிவிடும். அரசு அலுவலகத்தில் பல மேசைகளைக் கடக்கவேண்டிய ஏற்பாடு இங்கே ஒரு மாலைப் பொழுதில் நிறைவேறும். உறுப்பினரின் கைப்பொருள் சிறிதாயினும் பணி பெரிதாக அமைந்ததன் காரணம் இதுவே.

2016ஆம் ஆண்டு ரோட்டரியின் சட்டமன்றக் குழு வாரக் கூட்ட விதியைத் தளர்த்தி, மாதம் இருமுறையேனும் கூடினால் போதும் என்றது. காலச்சூழல் கருதிய இம்மாற்றம், மேற்குறித்த ஒழுங்கு இன்று தானாக நிலைப்பதன்று என்பதையும் காட்டுகிறது.

4. கூட்டம் பணியாதல்

4.1 கண் மருத்துவ முகாம்

வாரக் கூட்டத்தின் ஆற்றல் தெளிவாகப் புலப்படும் களம் கண் மருத்துவ முகாம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அம்மருத்துவமனையின் வெளிக்கள முகாம்கள் உள்ளூர் அமைப்புகளின் துணையோடு நடைபெறுகின்றன; அவற்றுள் ரோட்டரி, அரிமா சங்கங்கள் குறிப்பிடத்தக்கவை. மருத்துவக் குழு மருத்துவமனையைச் சார்ந்தது. நாள் குறித்தல், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் அறிவித்தல், பள்ளிக் கட்டடம் பெறுதல், வரிசை ஒழுங்கு, குடிநீர், உணவு ஆகியவை சங்கத்தின் பொறுப்பு.

முற்காலத்தில் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் அறுவை மருத்துவமே செய்யப்பட்டது. தொற்று அச்சம் காரணமாக, முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, கண்புரை கண்டறியப்பட்டவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்லும் முறை பின்னர் வழக்காயிற்று. முதியவர்கள் பேருந்தில் கூட்டமாகச் செல்கின்றனர். அறுவைக்குப்பின் அதே வழியில் திரும்புகின்றனர். சில வாரங்களில் மறுபரிசோதனை நடைபெறுகிறது. தனியே நகரத்திற்குச் செல்ல அஞ்சும் மூதாட்டி, ஊர்க்காரர்கள் பலரும் உடன்வருவதால் துணிகிறார். மருத்துவக் கட்டணத்தைவிட வழிச்செலவும் துணையின்மையும் அச்சமுமே பெருந்தடைகளாக இருந்த நிலையில், சங்கம் அத்தடைகளை நீக்கியது.

4.2 போலியோ ஒழிப்பு

உள்ளூர்ச் சங்கம் உலகளாவிய பணியின் உறுப்பாக மாறியதற்குப் போலியோ ஒழிப்பே பெருஞ்சான்று. ரோட்டரி 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது; 1985இல் அதனை உலகத் திட்டமாக விரித்தது. 1988இல் உலகச் சுகாதார அமைப்பு முதலியவற்றோடு உலகளாவிய போலியோ ஒழிப்பு முயற்சி உருவானபோது, ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,50,000 பேர் அந்நோயால் தாக்குண்டனர்.

ஒரே நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டுமருந்து அளிக்கும் முறைக்குத் தமிழகத்தில் முன்னோடிச் சான்று உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டி. ஜேக்கப் ஜான் குழுவினர் வேலூரில் இம்முறையைச் செயல்படுத்திப் பெற்ற பயனை 1983இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். நாடு தழுவிய சொட்டுமருந்து முகாம்கள் 1995ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கின. குறித்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், அங்கன்வாடி ஆகிய இடங்களில் அரசு ஊழியர்களுக்குத் துணைநின்ற சங்கத்தினர் பலர். இந்தியாவின் இறுதிப் போலியோ பாதிப்பு 2011 சனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒரு தலைமுறைக்காலம் நீண்ட இப்பணி, ஆண்டுதோறும் தலைவர் மாறும் அமைப்பால் எவ்வாறு இயன்றது? இலக்கு ஒன்றே, நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டது, செய்யவேண்டியது எளிதாகப் பகுக்கத்தக்கது. புதிய தலைவர் வந்தாலும் நாட்காட்டி மாறவில்லை. கண்புரை முகாமிற்கும் இப்பண்புகள் பொருந்தும். நாள் குறித்துச் செய்யத்தக்க பணிகளில் வாரக் கூட்டம் தன் முழு வலிமையையும் பெறுகிறது என்பது இவற்றால் பெறப்படும்.

5. கூட்டத்திற்கு வெளியே நிற்போர்

இக்கூட்டத்தில் யார் இல்லை என்பதையும் வரலாறு கேட்க வேண்டும். பெண்களுக்கு ரோட்டரியில் உறுப்புரிமை 1989இல்தான் உலகளவில் முறைப்படி கிட்டியது. அதற்குமுன் உறுப்பினர்களின் மனைவியர், 1924இல் இங்கிலாந்தில் தோன்றிய இன்னர் வீல் அமைப்பின் வழியே தனியே இயங்கினர். உழைப்பாளர்களின் நிலையோ விதியால் தடுக்கப்பட்டதன்று. சந்தாவும் உணவுச் செலவும் வேலை நேரமும் தடுத்தவை. தொழில்வகைப் பட்டியலில் கட்டட ஒப்பந்தக்காரர் இடம்பெறுவார். சித்தாள் இடம்பெறுவது அரிது.

இதன் விளைவாக உதவி பெறுவோர் விழா மேடையில் தோன்றுகின்றனரேயன்றி, தமக்கு எது வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம்பெறுவதில்லை. எண்ணிக்கையில் காட்டத்தக்க பணிகள் அறிக்கையில் எளிதில் இடம்பெறும். ஒரு குடும்பத்தைப் பத்தாண்டுகள் தாங்கிய பணியை ஓராண்டு அறிக்கையில் அடக்க இயலாது. ரோட்டரி, அரிமா ஆகிய இரண்டிலும் பணியாண்டு சூலை முதல் நாள் தொடங்கி சூன் 30 அன்று முடிகிறது. ஒவ்வொரு பணியேற்பு விழாவும் புதிய ஊக்கத்தைத் தருகிறது. முந்தைய ஆண்டின் வாக்குறுதி மறக்கப்படும் வாய்ப்பும் அங்கேயே உண்டு.

இக்குறையைச் சங்கங்களும் உணர்ந்திருந்தன. 1986–87ஆம் ஆண்டு உலகத் தலைவராக இருந்த பிலிப்பைன்ஸ் நாட்டு எம்.ஏ.டி. கப்பராஸ், சங்க உறுப்பினரல்லாத ஊர்மக்களே கூடித் தம் ஊர்த்தேவைகளை வகுக்கும் கிராமக் குழுக்களை ஏற்படுத்தினார். பின்னர் அவை ரோட்டரி சமுதாயக் குழுக்கள் எனப்பட்டன. சென்னையில் வி.எச்.எஸ். மருத்துவமனையோடு இணைந்த ரோட்டரி சென்ட்ரல் டி.டி.கே. இரத்த மையம் போன்ற நிலையான நிறுவனங்கள் மற்றொரு தீர்வு. ஆண்டுத் தலைவர் மாறினாலும் இரத்த மையத்தின் கதவு நாள்தோறும் திறக்கிறது.

6. கருணாபுரம்

கள்ளக்குறிச்சி 1993இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதன் மேற்கே கல்வராயன் மலை. அம்மலைப்பகுதி மூன்று சாகீர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலை, சாராய ஊறல் அழிப்புச் செய்திகளால் வெளியுலகிற்கு அறிமுகமானது அதன் வரலாற்று அவலம்.

நகரின் உழைக்கும் மக்கள் வாழும் பகுதி கருணாபுரம். 2024 சூன் 18, 19 ஆகிய நாள்களில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்திய கருணாபுரத்தாரும் சுற்றுப்பகுதியினரும் அடுத்தடுத்து வீழ்ந்தனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சிகிச்சை அளிக்கப்பட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவும் அறிவிக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. மதுவிலக்குச் சட்டத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்தும் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது.

குற்றத்தைத் தடுப்பதும் தண்டிப்பதும் அரசின் கடமை. சேவைச் சங்கம் அதற்கு மாற்றாக முடியாது. ஆயினும் துயரத்திற்குப் பின்னான நீண்ட காலத்தில் குடிமைச் சமூகத்திற்கும் பங்குண்டு. இங்குதான் வாரக் கூட்டத்தின் வலிமையும் எல்லையும் சோதனைக்குள்ளாகின்றன. மெத்தனால் பார்வை நரம்பைத் தாக்குகிறது. கண்புரையை ஒருநாள் அறுவையால் நீக்கலாம். நரம்பு கெட்ட பார்வையை அவ்வாறு மீட்க முடியாது. பார்வை குன்றிய கூலித்தொழிலாளிக்கு வேண்டியது நடமாட்டப் பயிற்சி, மாற்றுத் தொழில், சான்றிதழ் பெற உடன்செல்லும் துணை ஆகியவை. பெற்றோரை இழந்த ஐந்து வயதுக் குழந்தை பதினெட்டை எட்டுவதற்குள் சங்கத்தில் பதின்மூன்று தலைவர்கள் மாறியிருப்பர். துயரம் நிகழ்ந்த பன்னிரண்டாம் நாளே ஒரு பணியாண்டு முடிவடைந்தது என்பதும் எண்ணத்தக்கது. உதவித்தொகையை அரசு தரும். குழந்தை பள்ளிக்குச் செல்கிறதா என்று வாரந்தோறும் கேட்பதற்கு ஒருவர் வேண்டும்.

அப்படிக் கேட்கத்தக்க கூட்டம் அதே மண்ணில் ஏற்கெனவே உண்டு. 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், 1991–92இல் சேலத்திற்கும் தென்னார்க்காட்டிற்கும் விரிந்தது. ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள். முறையாகக் கூடுதல், சேமிப்பு, உள்கடன், தீர்மானப் பதிவேடு ஆகியன அதன் ஒழுங்குகள். வருகையை முதலாகக் கொண்ட அதே கொள்கையே இங்கும் நிற்கிறது. ஆனால் கூடுவோர் தேவையுடையோர்; எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அறிய அவர்களுக்குக் கணக்கெடுப்பு தேவையில்லை. ஒரு கூட்டத்தில் வளமும் தொடர்பும் உண்டு. மற்றொன்றில் அறிவும் அண்மையும் உண்டு. இரண்டையும் இணைக்கும் பதிவேடு ஒன்று இருப்பின், தலைவர் மாறினும் பொறுப்பு மாறாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழ் அறமரபில் கட்டளையின் முதலும் தருமச்சாலையின் நோன்பும் ஆற்றிய பணியை, சேவைச் சங்கங்களில் உறுப்பினரின் வருகை ஆற்றுகிறது. தொழில் வகைப்பாடு பணியை விரைவுபடுத்தியது. அதுவே கூட்டத்தின் வாயிலையும் குறுக்கியது. நாள் குறித்துச் செய்யும் பணிகளில் சங்கங்கள் பெருவெற்றி கண்டன. நாள் குறிக்க இயலாத துயரங்களில் ஆண்டுச் சுழற்சி அவற்றிற்குத் தடையாகிறது.

கருணாபுரம் போன்ற இடங்களில் ஈகை ஒப்புரவாக மாறுவதற்குப் பெறுவோரின் கூட்டமும் கொடுப்போரின் கூட்டமும் ஒன்றையொன்று அறிந்திருத்தல் வேண்டும். வட்டாரச் சங்கங்களின் தீர்மானப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள், சுய உதவிக் குழுக்களின் ஏடுகள் ஆகியன ஒருங்கே தொகுத்து ஆராயப்படின், தமிழகச் சிறுநகரங்களின் அறவரலாறு கொடுத்தோர் பெயர்ப்பட்டியலாக மட்டும் எஞ்சாது, பெற்றோரின் குரலையும் கொண்டதாக அமையும்.